குழாயடிக் கேள்விகள்: கடைசி வீட்டுக்கு மட்டும் தண்ணீர் ஏன் வருவதில்லை?

புறநகர்க் குடியிருப்புகளின் தண்ணீர்க் கட்டுப்பாடு பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்று சென்ற இதழில் எழுதியதுதான் தாமதம், கடிதங்கள் குவிந்துவிட்டன. குடிநீர் விநியோகத்தில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் ஆசிரியர் கடிதக் கட்டை அப்படியே என்னிடம் தள்ளிவிட்டார். பாதிக் கடிதங்களில் கேள்வியே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் மீது புகார்தான் இருக்கிறது. அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டேன், ஒன்றைத் தவிர.

கேள்வி: எங்கள் தெருவில் எங்களுடையதுதான் கடைசி வீடு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் 2 மணி நேரம் தண்ணீர் விடுகிறார்கள். முதல் வீட்டில் தொட்டி நிறைந்து சாக்கடையில் வழிகிறது. எங்களுக்கு 2 குடம் பிடிப்பதற்குள் நின்றுவிடுகிறது. வரி மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். இது என்ன நியாயம்?

நியாயம் இல்லை அம்மா. ஆனால் யாரோ ஒருவர் உங்கள் மீது வஞ்சம் வைத்துச் செய்வதும் இல்லை. குழாயின் குணம் அப்படி.

தண்ணீர் குழாயில் ஓடும்போது உராய்வினால் அழுத்தத்தை இழந்துகொண்டே வரும். ஓட்டம் இரண்டு மடங்கானால் இழப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஒரு நாள் முழுவதும் சீராக ஓட வேண்டிய தண்ணீரை 2 மணி நேரத்தில் அதே குழாய்க்குள் திணித்தால் ஓட்டம் 12 மடங்கு, இழப்போ 100 மடங்குக்கும் மேல் போகலாம். தெருமுனையில் சீறிக்கொண்டு புறப்படுகிற தண்ணீர் உங்கள் வாசலுக்கு வரும்போது மூச்சு வாங்குவது இதனால்தான். அதற்கு மேல், முதல் வீடுகளில் நிலத்தடித் தொட்டி இருக்கும். குழாய் மட்டத்துக்கும் கீழே வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிற தொட்டி அது. அதில், தொட்டி நிறைந்ததும் தானே மூடிக்கொள்ளும் மிதவை வால்வும் இல்லையென்றால் எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும், நிறைந்த பின்னும் வாங்கிச் சாக்கடைக்குக் கொடுக்கும்.

சில வீடுகள் இன்னொரு காரியமும் செய்கின்றன. தெருக்குழாய் இணைப்பிலேயே மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுகின்றன. கடைசி வீட்டுக்காரர் தண்ணீர் இழப்பது மட்டுமல்ல இதில் உள்ள தீங்கு. குழாய்க்குள் அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைந்துவிட்டால், விரிசல் உள்ள இடங்களில் தண்ணீர் வெளியே கசிவதற்குப் பதில் வெளியில் தேங்கியிருப்பது உள்ளே போகும். அருகில் சாக்கடை ஓடினால் என்ன போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மோட்டார் வைத்த வீட்டுக்காரரும் அதைத்தான் குடிக்கிறார்.

உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு ஒரு பாட்டியம்மா நினைவுக்கு வருகிறார். அவர் வீடும் கடைசி வீடுதான். குழாய்க்கு அடியில் ஒரு காலித் தகர டப்பாவைக் கவிழ்த்து வைத்திருப்பார். முதலில் குழாயில் காற்று சீறும், பிறகு டப்பாவின் முதுகில் டொக்கென்று ஒரு சொட்டு. அந்த ஓசையில் எழுந்துகொள்வார். எழுந்ததும் நாட்காட்டித் தாளின் ஓரத்தில் பென்சிலால் நேரத்தைக் குறிப்பார். புகார் விசாரிக்கப் போன என்னிடம் கிழித்த தாள்களை ஒரு கட்டாக நூலில் கட்டி நீட்டினார். 4.40, 4.40, 4.42 என்று வாரக்கணக்கில் போய்க்கொண்டிருந்தது, ஒரு குறிப்பிட்ட நாளில் திடீரென்று 5.15 ஆகியிருந்தது. அதற்கு முந்தின நாள்தான் பக்கத்துச் சாலையில் குழாய் உடைப்பைச் சரி செய்திருந்தோம். போய்ப் பார்த்தால், பழுது பார்த்தவர்கள் மூடிய வால்வைப் பாதி திருகு திறந்து அப்படியே விட்டுவிட்டு மண்ணைத் தள்ளிப் போயிருந்தார்கள். அலுவலகத்தில் எங்களிடம் இருந்த பதிவேடுகள் எல்லாவற்றிலும் அந்தத் தெருவுக்கு ‘விநியோகம் வழக்கம்போல்’ என்று எழுதியிருந்தது.

ஆகவே முதலில் நீங்களும் நேரத்தைக் குறியுங்கள். ஒரு வாளி நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்பதையும் குறியுங்கள். ‘தண்ணீர் சரியாக வருவதில்லை’ என்ற மனு கோப்புக்குள் போய்விடும். ‘20 லிட்டர் வாளி நிறைய 11 நிமிடம், தெருவின் முதல் வீட்டில் 1 நிமிடம்’ என்ற மனுவுக்கு யாராவது பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். தீர்வாக இரண்டைக் கேளுங்கள். முதலாவது, முன்வரிசை வீடுகளின் இணைப்பில் சிறு துளையுள்ள தட்டு வைத்து ஓட்டத்தை மட்டுப்படுத்துவது. செலவு மிகக் குறைவு. சண்டைதான் அதிகம். இரண்டாவது, உங்கள் தெருவில் முட்டி நிற்கும் குழாயை அடுத்த தெருக் குழாயோடு இணைத்து, தண்ணீர் இரு பக்கமிருந்தும் வரச் செய்வது. இது சற்றுச் செலவு பிடிக்கும், ஆனால் நிலைத்து நிற்கும்.

கேள்வி: எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு நான் செயலாளர். கோடையை முன்னிட்டுத் தண்ணீர் விடும் நேரத்தை 2 மணியிலிருந்து 1 மணியாகக் குறைத்தோம். தண்ணீர்ச் செலவு பாதியாகும் என்று எதிர்பார்த்தோம். பெரிய தொட்டியின் மீட்டரைப் பார்த்தால் கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது. எங்கே தவறு?

ஐயா, நீங்கள் குறைத்தது நேரத்தை. தண்ணீரைக் குறைக்கவில்லை.

ஒரு மணி நேரம்தான் வரும் என்று தெரிந்தால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? வீட்டில் உள்ள எல்லாக் குழாய்களையும் திறந்து வைப்பார்கள். குடம், அண்டா, குளியல் தொட்டி, குழந்தையின் பிளாஸ்டிக் பொம்மை வாளி வரை பிடித்து வைப்பார்கள். இதில் எனக்குக் குறையில்லை, நானும் பிடிப்பேன். வீண் எங்கே நடக்கிறதென்றால், மறுமுறை தண்ணீர் வரும் நேரத்தில். மீதமிருப்பதை ‘பழைய தண்ணீர்’ என்று கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடிப்பார்கள். முந்தாநாள் அதற்காகத்தான் தூக்கம் கெட்டு எழுந்தோம் என்பது அப்போது நினைவுக்கு வராது. தண்ணீர் வராத நேரத்தில் ‘வருகிறதா’ என்று திருகிப் பார்த்து மூட மறந்த குழாய்கள் இருக்கின்றன, அந்தக் கணக்கு தனி. நேரக் கட்டுப்பாடு எளியவரை முதலில் அடிக்கும் என்பதையும் கவனியுங்கள். பெரிய தொட்டி கட்டியவருக்கு 1 மணி நேரமே தாராளம். தொட்டி இல்லாத வீட்டுக்கு, வேலைக்குப் போய்விட்ட வீட்டுக்கு, அந்த ஒரு மணி நேரம் தவறினால் அவ்வளவுதான்.

லிட்டரில் கட்டுப்படுத்திய ஊரைப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் தொடர் வறட்சியால் அணைகள் வற்றின. 2018 பிப்ரவரி 1 முதல் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று வரம்பு வைத்தார்கள். அணை மட்டம் மேலும் இறங்கினால் பெரும்பாலான குழாய்களை மூடிவிட்டு, பொது இடங்களில் தலைக்கு 25 லிட்டர் வரிசையில் நின்று வாங்க வேண்டியிருக்கும் என்றும் அறிவித்தார்கள். அந்த நாளுக்குப் ‘பூஜ்ய நாள்’ என்று பெயர். அது வரவே இல்லை. மழை வந்து காப்பாற்றியது என்பது பாதி உண்மை. மழைக்கு முன்பே நகரத்தின் நுகர்வு வறட்சிக்கு முந்தைய அளவில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது என்பது மறுபாதி. அளவோடு செலவழித்த வீடுகளை நகர வரைபடத்தில் பச்சைப் புள்ளியாகக் காட்டினார்கள். அளவுமீறிய வீடுகளின் இணைப்பில், வரம்பு முடிந்ததும் தானே மூடிக்கொள்ளும் கருவியைப் பொருத்தினார்கள். விநியோக அழுத்தத்தையும் குறைத்தார்கள். அழுத்தம் குறைந்தால் கண்ணுக்குத் தெரியாத கசிவுகளும் குறையும்.

பச்சைப் புள்ளி விஷயத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. ஒருவர் வீட்டுத் தண்ணீர்க் கணக்கை ஊர் முழுக்கப் பார்ப்பது அவ்வளவு நல்ல பழக்கமாகத் தெரியவில்லை. பெயர் போடாமல், தெருவாரியாக லிட்டர் கணக்கை அறிவிப்புப் பலகையில் வாரம் ஒருமுறை எழுதுங்கள். நேரத்தைப் பழையபடி 2 மணியாக்கி, ஒவ்வொரு வீட்டுக்கும் மீட்டர் வையுங்கள். அதற்கு முன் ஒரே ஒரு காரியம். ஓர் இரவு எல்லா இணைப்புகளும் மூடியிருக்கும் நேரத்தில் தொட்டிக்குத் தண்ணீர் வரும் குழாயை மூடி, தெருக்களுக்குப் போகும் குழாயைத் திறந்து வைத்து, பெரிய தொட்டியின் மட்டத்தைக் கோல் விட்டு அளந்துகொள்ளுங்கள். காலையில் மறுபடி அளந்து பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால், அத்தனையும் உங்கள் சொந்தத் தொட்டி, குழாய்களின் கசிவு. அதை அடைக்காமல் வீடுகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பாதீர்கள்.

கேள்வி: ஷவரில் குளிப்பது வீணா? வாளியில் குளிப்பதுதான் சிக்கனமா?

வாளிதான். பழைய ஷவர் நிமிடத்துக்கு 15 லிட்டர் கொட்டும், 4 நிமிடத்தில் 60 லிட்டர். வாளி 18 லிட்டர். சிக்கன ஷவரில் நிமிடத்துக்கு 8 லிட்டர் என்று வைத்தாலும் 32 லிட்டர் ஆகிறது. ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குக் குவீன்ஸ்லாந்தில் 2007ஆம் ஆண்டு வறட்சியின்போது ஆளுக்கு 140 லிட்டர் என்று இலக்கு வைத்தபோது, 4 நிமிடத்தில் குளித்து முடிக்க வீடுகளுக்கு மணற்கடிகாரம் போன்ற ஒன்றைக் கொடுத்தார்கள். வாளி இருந்தால் கடிகாரம் வேண்டாம். இரண்டாவது வாளிக்குக் குரல் கொடுக்கிறவர்களுக்கு என்னிடம் மருந்து இல்லை.

கேள்வி: தண்ணீர் வருவதற்கு முன் குழாயில் காற்று வருகிறது. அந்தக் காற்றுக்கும் மீட்டர் ஓடுகிறது, காற்றுக்குப் பணம் வாங்குகிறார்கள் என்று என் கணவர் சண்டை போடுகிறார். உண்மையா?

உங்கள் கணவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. விட்டுவிட்டு வரும் விநியோகத்தில் குழாய் காலியாகிக் காற்று நிறைந்துவிடும். மறுபடி தண்ணீர் வரும்போது முன்னால் தள்ளப்படும் காற்று மீட்டரின் சக்கரத்தைச் சுழற்றும். காற்று எடையற்றது போலப் பாய்வதால் சில கணங்கள் படுவேகமாகவே சுழற்றும். வால்வை மெதுவாகத் திறப்பதும், மேடான இடங்களில் காற்றுப்போக்கி வால்வு வைப்பதும் விநியோகம் செய்கிறவர்களின் கடமை. அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஆனால் கணவரிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். தொட்டி நிறையப் போகும் நேரத்தில் மிதவை வால்வு கொஞ்சம் கொஞ்சமாக மூடும். அப்போது தண்ணீர் நூல்போல ஒழுகும். அந்த மெல்லிய ஓட்டத்தை மீட்டர் பல நேரங்களில் கண்டுகொள்ளாது, சக்கரம் அசையாது. மீட்டர் பழசாகப் பழசாக இது கூடும். காற்றுக்குக் கட்டிய பணத்தில் ஒரு பகுதியாவது அங்கே திரும்பி வந்திருக்கும். அதைப் பற்றி இதுவரை ஒருவரும் எனக்குக் கடிதம் எழுதியதில்லை.

கேள்வி: கட்டுப்பாடு அமலில் இருக்கும்போது எதிர்வீட்டுக்காரர் தினமும் ரப்பர் குழாய் பிடித்துக் காரைக் கழுவுகிறார். புகார் செய்யலாமா?

ஒதுக்காமல் வைத்த ஒரே புகார் இதுதான். காரணம் சொல்கிறேன்.

திறந்துவிட்ட ரப்பர் குழாயில் நிமிடத்துக்கு 15 லிட்டருக்குக் குறையாமல் போகும். 20 நிமிடத்தில் 300 லிட்டர். ஈரத்துணியும் ஒரு வாளியும் போதுமான வேலைக்கு இது அக்கிரமம்தான். இருந்தாலும் முதலில் போய்ப் பேசுங்கள். பணியில் இருந்தபோது, வாசல்படியைத் தினமும் கழுவுகிறார் என்று ஓர் அம்மாள் மீது 3 கடிதம் வந்து, அபராதச் சீட்டை எழுதி எடுத்துக்கொண்டே போனேன். அவர் என்னைக் கொல்லைப்புறம் அழைத்துப் போனார். துணி அலசிய தண்ணீரை ஒரு பீப்பாயில் பிடித்து வைத்திருந்தார். மேலே சோப்பு நுரை மிதந்துகொண்டிருந்தது. “இதைச் சாக்கடையில் விடட்டுமா, படியில் விடட்டுமா, நீங்களே சொல்லுங்கள்” என்றார். சீட்டைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு திரும்பினேன். உங்கள் எதிர்வீட்டுக்காரரிடம் பீப்பாய் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இருந்தாலும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: மீட்டர் படி எங்களுக்கு அளவு மீறுகிறது. நாங்கள் சிக்கனமாகத்தான் இருக்கிறோம். எங்கே போகிறது?

பெரும்பாலும் கழிப்பறைத் தொட்டிக்குள். அதில் நிறம் தரும் பொடி ஏதாவது கொஞ்சம் கலந்து, அரை மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் பாருங்கள். கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் உள்ளே அடைப்பு சரியாக அமரவில்லை, ரப்பர் தேய்ந்துவிட்டது என்று பொருள். ஓசையே இல்லாமல் இரவு பகலாக ஓடும்.

சொட்டும் குழாய்க்குக் கீழே ஒரு டம்ளரை வையுங்கள். 200 மி.லி. டம்ளர் 20 நிமிடத்தில் நிறைந்தால் ஒரு நாளைக்கு 72 டம்ளர், அதாவது 14 லிட்டருக்கு மேல். உங்கள் வீட்டில் ஒருவர் குளிக்கும் தண்ணீர் அது. வாஷர் மாற்றப் பத்து நிமிடம் ஆகும். மாற்றுவதற்கு முன் வால்வை மூடிக்கொள்ளுங்கள். என் வீட்டில் நான் மறந்து, சுவர் வரை நனைந்து, மனைவியிடம் 34 ஆண்டு அனுபவம் பற்றிக் கேலி வாங்கினேன்.

கேள்வி: பிடித்து வைத்த தண்ணீரை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

குடிப்பதற்கு என்றால், மூடிய பாத்திரத்தில், கையை விடாமல் நீண்ட கைப்பிடிக் கரண்டியாலோ அடியில் உள்ள குழாயாலோ எடுங்கள். தண்ணீரில் கலந்த குளோரின் நேரம் ஆக ஆகக் குறைந்துகொண்டே போகும். அதனால் குடிநீரைச் சிறு அளவில் பிடித்து, முதலில் பிடித்ததை முதலில் செலவழியுங்கள். மற்ற வேலைக்கு நாள் கணக்கே தேவையில்லை, கொசுக் கணக்குதான் வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை, உங்கள் சுத்தமான அண்டாவைத்தான் தேடுகிறது. முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது. விளிம்பை ஒட்டிய முட்டைகள் காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வாரம் ஒருமுறை உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அண்டாவை இறுக்கமாகத் துணி போட்டுக் கட்டுங்கள். தட்டை மூடியாக வைப்பது கொசுவுக்கு வாசல் வைத்துக் கொடுப்பதுதான்.

கேள்வி: நான் தனியாக இருக்கிறேன். எதிர் வீட்டில் 7 பேர். இருவருக்கும் மாதத்துக்கு ஒரே அளவு தண்ணீர் என்று வைத்திருக்கிறார்கள். எனக்கு மிஞ்சுகிறது, அவர்களுக்குப் போதவில்லை. மிஞ்சியதை அவர்களுக்குக் கொடுத்தால் விதிமீறல் என்கிறார்களே?

விதி எழுதியவரைத்தான் விதிமீறியவர் என்று சொல்ல வேண்டும். வீட்டுக்கு இவ்வளவு என்பது எழுத எளிது, அதனால்தான் எழுதினார்கள். அதற்காகத் தலைக்கு இவ்வளவு என்று மட்டும் வைத்தாலும் தவறு. தரை துடைப்பதும் பாத்திரம் கழுவுவதும் 7 பேருக்கு 7 மடங்கு ஆவதில்லை. தனியாக இருப்பவருக்குத் தலைக்குச் செலவு கூடத்தான் ஆகும். வீட்டுக்கு ஓர் அடிப்படை அளவு, அதன் மேல் தலைக்கு ஒரு அளவு, நோயாளியோ கைக்குழந்தையோ இருந்தால் கூடுதல் என்று வைப்பது பொருந்தும்.

தலைக்கு எவ்வளவு? அடிப்படைத் தேவைக்கு 50 முதல் 100 லிட்டர் வரை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 50ஐ நான் இப்படிப் பிரிப்பேன்: குடிக்கவும் சமைக்கவும் 7, குளிக்க 15, கழிப்பறைக்கு 12, பாத்திரத்துக்கும் கை கழுவவும் 8, துணிக்கு 8. பிரித்துப் பார்க்கும்போது தெரியும், இதில் செடிக்கு ஒரு சொட்டும் இல்லை. தலையெண்ணிக்கை கேட்கும்போது வேறொரு தொல்லை வரும். வெளியூரில் வசிக்கும் மகன், திருமணமாகிப் போன மகள், எப்போதோ இறந்துபோன தாத்தா எல்லோரும் தண்ணீர்ப் படிவத்தில் உயிரோடு வருவார்கள். அதைச் சங்கம் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் எதிர்வீட்டுக்குக் கொடுங்கள். கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

கேள்வி: சென்ற இதழில் ‘100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் 100 லிட்டர் கிடைக்கும்’ என்று எழுதியிருந்தீர்கள். 1,000 லிட்டர் அல்லவா? நான் எட்டாம் வகுப்பு படிக்கிறேன்.

ஆமாம் கண்ணு, 1,000 லிட்டர்தான். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். இதை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே படித்தேன், ஒரு சுழியை விட்டுவிட்டேன். அச்சுப்பிழை என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று பார்த்தால், நான் எழுதிக் கொடுத்த தாளை ஆசிரியர் பத்திரமாக வைத்திருக்கிறார். ஆவியாவதும் தெறிப்பதும் போக 800 லிட்டராவது தொட்டிக்கு வரும் என்று வைத்துக்கொள். முதல் மழையை மட்டும் தொட்டிக்குள் விடாதே, மாடியில் கிடக்கும் தூசியும் பறவை எச்சமும் அதோடு வரும். முதலில் சிறிது நேரம் வெளியே ஓடவிட்டு, தெளிந்த பிறகு குழாயைத் தொட்டிக்குத் திருப்பச் சொல்.